இருபத்துநான்கில் உங்கள் கேள்வி எது?

கேள்வி:

வணக்கம் மேடம். நான் திருநெல்வேலிப் பக்கம். டெல்லியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் எம்.டி. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆனந்த் விஹார் பக்கம் நடைபாதையில் கடை போட்டிருக்கும் 120 பேரையும், மூடிய கடைகளுக்குள் வேலை பார்க்கும் 120 பேரையும் குளிர்காலத்தில் ஒப்பிட்டேன். ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரல் செயல்பாட்டை அளப்பது), ரத்தப் பரிசோதனை, பிபி, தூக்கம், இருமல் என்று மொத்தம் 24 அளவுகள். ஐந்தில் பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ அதற்கு மேலோ வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்தது: சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியின் அடையாளம்) 0.003, தூக்க மதிப்பெண் 0.004, இயோசினோஃபில் (ஒருவகை வெள்ளணு) 0.006, எஃப்இவி-1 (முதல் நொடியில் பலமாக ஊதி வெளியேற்றும் காற்று) 0.021 (வெளியில் இருப்பவர்களுக்கு 140 மில்லி குறைவு), டயஸ்டாலிக் பிபி 0.038. துறைக் கூட்டத்தில் புள்ளியியல் பேராசிரியர், "24 டெஸ்ட் போட்டிருக்கிறீர்கள், பான்ஃபெரோனி திருத்தம் போடுங்கள்" என்றார். போட்டால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கைடோ, "முதல் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தலைப்பைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிடு. மீதியை யார் கேட்கப்போகிறார்கள்?" என்கிறார். சாம்பிள் சைஸ் கணக்கை (எத்தனை பேர் தேவை என்பதை) எஃப்இவி-1-ஐ வைத்துத்தான் போட்டிருந்தேன். இரண்டு வருட உழைப்பு மேடம். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

சாம்பிள் சைஸ் பற்றி ஒரு வரியைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதுதான் முக்கியமான வரி. அதற்கு வருகிறேன். முதலில், பேராசிரியர் ஏன் 24 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார் என்று பார்ப்போம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கணக்கைப் போடச் சொன்ன இடத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு மரம், ஒரு காக்கை, ஒரு பழம் என்றால் அது தற்செயலா இல்லையா என்று யோசிக்கலாம். 24 மரங்களில் 24 காக்கைகள் உட்கார்ந்தால் ஏதோ ஒன்றில் பழம் விழத்தான் செய்யும். விழுந்த மரத்தை மட்டும் படம் எடுத்து, "பாருங்கள், காக்கையின் கனம்" என்று காட்டினால் பார்ப்பவர் நம்பிவிடுவார். மற்ற 23 மரங்கள் படத்தில் இல்லையே.

இதை எண்ணில் சொல்கிறேன். 0.05 என்று கோடு போடும்போது, உண்மையில் வித்தியாசமே இல்லாத இடத்தில் "இருக்கிறது" என்று தவறாகச் சொல்ல நூற்றுக்கு ஐந்து தடவை நாமே அனுமதி கொடுக்கிறோம். ஒரு டெஸ்டுக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடிய ஆபத்து. 24 டெஸ்டுகளிலும் தப்பு நடக்காமல் இருக்க 0.95-ஐ 24 முறை பெருக்க வேண்டும். வருவது 0.29. அதாவது உங்கள் 24 அளவுகளிலும் இரு குழுவுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு பொய் பாசிட்டிவாவது கிடைக்க 71% வாய்ப்பு. சராசரியாக 1.2 பொய்கள் வரும். ஒரே ஊதலில் கிடைத்த எஃப்இவி-1, எஃப்விசி (ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று) போன்றவை ஒன்றோடொன்று பின்னியவை, அதனால் 71 என்பது உங்கள் ஆய்வுக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. நிலைமை என்ன என்பது புரிய இது போதும்.

உங்களுக்கு வந்தது ஐந்து. 1.2 எங்கே, 5 எங்கே. ஆகவே உங்கள் தரவில் ஏதோ இருக்கிறது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஐந்தில் எது உண்மை, எது பனம்பழம் என்று பி மதிப்பு தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக் குழந்தைகளின் சத்துக்குறைவு பற்றிய ஒரு திட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைப் போட்டு, பளிச்சென்று வந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்து அறிக்கை எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண் அதை நம்பி, அதையே தன் ஆராய்ச்சித் தலைப்பாக எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடம் வேறு பள்ளிகளில் ரத்தம் எடுத்து அளந்தாள். ஒன்றுமே இல்லை. தான் எங்கோ தப்பாக அளந்துவிட்டதாக நினைத்து அவள் தன்னையே நொந்துகொண்டாள். தப்பு அவளுடையது இல்லை. நான் முப்பது கேட்டேன் என்பதை அறிக்கையில் சொல்லியிருந்தால் அவள் அந்த வழிக்கே போயிருக்க மாட்டாள். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெரிய ஆய்வுகளும் இதற்கு விலக்கு இல்லை. 1988-இல் லான்செட்டில் வந்த ஐசிஸ்-2 ஆய்வை நீங்கள் எம்.பி.பி.எஸ்.ஸிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று 17,187 பேரிடம் பார்த்த ஆய்வு. ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாள மரணம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9.4%, எடுக்காதவர்களில் 11.8%. சந்தேகத்துக்கே இடமில்லாத பலன். அந்தக் கட்டுரையிலேயே ஆசிரியர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல் செய்வதுபோல் வந்தது. மற்ற ராசிகளுக்கு அமோகமான நன்மை. (நம் ஊர் ராசி சந்திரனை வைத்து. அவர்கள் பார்த்தது பிறந்த தேதியை வைத்து, சூரியன் நின்ற ராசி.) அவர்கள் ராசியை நம்பி அதைச் செய்யவில்லை. கூறு போட்டுக்கொண்டே போனால் இவ்வளவு பெரிய ஆய்வில்கூட இப்படி ஒரு விபரீதம் முளைக்கும் என்று மருத்துவர்களுக்குக் காட்டத்தான் செய்தார்கள். 17,187 பேரில் நடப்பது உங்கள் 240 பேரில் நடக்காதா?

சரி, பான்ஃபெரோனிக்கு வருவோம். கார்லோ எமிலியோ பான்ஃபெரோனி என்ற இத்தாலியக் கணிதவியலாளர் 1936-இல் எழுதிய சமனின்மைகளிலிருந்து வந்த பெயர். அதை இப்படிப் பல ஒப்பீடுகளுக்குப் பயன்படுத்தும் வழியை 1961-இல் தெளிவாக வகுத்துக் கொடுத்தவர் ஆலிவ் ஜீன் டன். முறை எளிது: 0.05-ஐ 24-ஆல் வகுத்தால் 0.0021. அதற்குக் கீழே வந்தால்தான் ஏற்பது. உங்கள் மிகச் சிறிய பி 0.003. அதனால் எல்லாம் அடிபட்டுவிட்டன.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு விலை உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. 0.05 கோட்டில் 80% பவர் (உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) இருக்கும்படி ஆட்களைச் சேர்த்த ஒரு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை 0.0021-க்கு இறக்கினால் அதே ஆய்வின் பவர் சுமார் 40%-க்கு விழுந்துவிடும். உண்மையிலேயே இருக்கிற வித்தியாசத்தைப் பாதிக்கு மேற்பட்ட தடவை தவறவிடுவீர்கள். நடைபாதைக் கடைக்காரரின் நுரையீரல் கெட்டுப்போகிறது என்பது உண்மையாக இருந்து, அதை நாம் "ஒன்றுமில்லை" என்று எழுதினால் அதுவும் அவருக்குச் செய்யும் கெடுதல்தான். பொய்யைத் தடுக்கிறேன் என்று உண்மையையும் சேர்த்துக் கழுவி ஊற்றக்கூடாது.

இப்போது உங்கள் அந்த ஒரு வரி.

சாம்பிள் சைஸ் கணக்கை எஃப்இவி-1-ஐ வைத்துப் போட்டேன் என்கிறீர்கள். அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது? எதிக்ஸ் கமிட்டிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் முதல் ஆளின் ரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே கொடுத்த புரோட்டோகாலில், அதாவது ஆய்வுத் திட்டத்தில், இருக்கும். தேதியும் முத்திரையும் அதில் இருக்கும். அதை வெளியே எடுங்கள். "முதன்மை விளைவு" என்ற தலைப்பில் எஃப்இவி-1 என்று எழுதியிருந்தால், நீங்கள் டெல்லிக் குளிரில் ஸ்பைரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அந்த ஒரு கேள்விக்காக. மற்ற 23-ம் கூட வந்தவை. முன்கூட்டியே அறிவித்த ஒரே ஒரு முதன்மைக் கேள்விக்கு 0.05 முழுவதும் சொந்தம். அதை 24-ஆல் வகுக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் 0.021 அப்படியே நிற்கிறது.

கைடு தூக்கிப் போடச் சொன்னது அதைத்தான் என்பதைக் கவனித்தீர்களா? பட்டியலில் நான்காவதாக, பார்க்கக் கொஞ்சம் சுமாராக இருக்கிற அந்த 0.021-தான் உங்கள் ஆய்வில் உறுதியான முடிவு. 0.003-ஐவிட அது உறுதி. எண் சிறியதா பெரியதா என்பதை மட்டும் பார்த்தால் இது விளங்காது. எஃப்இவி-1-ஐ நீங்கள் தேடிப் போனீர்கள். சிஆர்பி 23 பேர் கூட்டத்தில் கை தூக்கியது.

இதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. புரோட்டோகாலில் முதன்மை என்று எஃப்இவி-1-ஐ மட்டும் சொல்லியிருந்தால்தான் நான் சொன்னது செல்லும். "நுரையீரல் செயல்பாடு" என்று பொதுவாக எழுதி, எஃப்இவி-1, எஃப்விசி, இரண்டின் விகிதம், பீக் ஃப்ளோ (ஊதும் உச்ச வேகம்) என்று நான்கை அளந்திருந்தால், அந்த நான்கும் ஒரு குடும்பம். அப்போது 0.021 அந்த நான்கோடு போட்டியிட வேண்டும், 0.05-ஐ 4-ஆல் வகுத்த 0.0125-க்குக் கீழே அது வராது. வலிக்கும், ஆனால் அதை அப்படியே எழுத வேண்டியதுதான். சாம்பிள் சைஸ் கணக்கில் எஃப்இவி-1 மட்டும் இருப்பது உங்கள் பக்கம் பலமான சாட்சி. அது முழுத் தீர்ப்பு ஆகாது. முடிவு தெரிந்த பிறகு எதையும் முதன்மை ஆக்க முடியாது.

மற்ற 23 அளவுகளுக்கு வருவோம். அவை இரண்டாம் நிலைக் குடும்பம். இங்கே பல ஒப்பீட்டுத் திருத்தம் வேண்டும். எதைப் போடுவது? பான்ஃபெரோனியைப் போட எந்த நேரத்திலும் காரணம் இல்லை என்பது என் கருத்து, ஏனென்றால் 1979-இல் ஸ்வீடன்காரர் ஸ்டுரே ஹோல்ம் சொன்ன முறை அதே பாதுகாப்பைத் தருகிறது, ஆனால் கொஞ்சம் தாராளமானது. பி மதிப்புகளைச் சிறியதிலிருந்து அடுக்குங்கள். முதலாவதை 0.05/23-உடனும், அது அதற்குக் கீழே வந்து தேறினால் அடுத்ததை 0.05/22-உடனும் ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். எங்கே ஒன்று தோற்கிறதோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உங்களுக்கு முதல் படியிலேயே 0.003 தோற்றுவிடுகிறது, 0.05/23 என்பது 0.0022. ஆக ஹோல்மிலும் ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் இந்த இரண்டு முறைகளும் கேட்கும் கேள்வி, "இந்தக் குடும்பத்தில் ஒரு பொய்கூட நுழையக்கூடாது" என்பது. ஒரு புது மருந்துக்கு அனுமதி கொடுக்கிற இடத்தில் அது சரியான கேள்வி. அடுத்து எதை ஆராயலாம் என்று தடம் தேடுகிற இடத்தில் வேறு கேள்வி போதும்: "நான் கண்டுபிடித்தேன் என்று சொல்பவற்றில் எத்தனை பங்கு பொய்யாக இருக்கலாம்?" டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995-இல் இந்தக் கேள்விக்கு வழி சொன்னார்கள். பொய்க் கண்டுபிடிப்பு விகிதம், நம் ஆட்கள் சுருக்கமாக எஃப்டிஆர் என்பார்கள்.

உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்ப்போம். இதிலும் அதே அடுக்கு. ஆனால் முதலாவதுக்கு 0.05 × 1/23, இரண்டாவதுக்கு 0.05 × 2/23, மூன்றாவதுக்கு 0.05 × 3/23 என்று கோடு ஏறிக்கொண்டே போகும். 0.0022, 0.0043, 0.0065, 0.0087. பெரிய பி மதிப்பிலிருந்து தொடங்கிச் சிறியதை நோக்கி வர வேண்டும். 0.05-க்கு மேலே உள்ள 19-ம் எப்படியும் தேறாது. டயஸ்டாலிக் பிபி 0.038, நான்காம் கோடு 0.0087, அதற்குக் கீழே இல்லை, தேறவில்லை. இயோசினோஃபில் 0.006, மூன்றாம் கோடு 0.0065. கீழே வந்து தேறிவிட்டது. இந்த முறையில் தேறிய முதல் இடத்துக்கு மேலே இருக்கும் எல்லாமே உள்ளே வந்துவிடும். அதனால் தூக்கமும் உள்ளே, தன் சொந்தக் கோட்டில் தேறாத சிஆர்பியும் உள்ளே. என்னிடம் வரும் மாணவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். ஹோல்மில் மேலிருந்து இறங்கித் தோற்ற இடத்தில் நிற்கிறோம், இதில் கீழிருந்து ஏறி ஜெயித்த இடத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான். கையால் போட வேண்டாம், ஆர் மென்பொருளில் பி.அட்ஜஸ்ட் என்ற ஒரே கட்டளை மூன்று முறைகளையும் போட்டுத் தரும். ஆனால் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் வைவாவில் தடுமாற மாட்டீர்கள்.

ஆக மூன்று தேறுகின்றன. இதன் பொருளை மிகைப்படுத்தாதீர்கள். இப்படிப்பட்ட பட்டியல்களை மறுபடி மறுபடி போட்டால், சராசரியாகத் தேறியவற்றில் பொய்யின் பங்கு 5%-க்குள் இருக்கும் என்பதுதான் உத்தரவாதம். உங்கள் மூன்றும் உண்மை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அளவுகள் ஒன்றுக்கொன்று பின்னியிருந்தாலும், ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறும் வகையான உறவுக்கு இந்த முறை செல்லும் என்று பெஞ்சமினியும் யெகுடியெலியும் 2001-இல் காட்டியிருக்கிறார்கள். எஃப்டிஆர் போடப்போகிறேன் என்று புரோட்டோகாலில் எழுதவில்லை என்றால், பிறகு தேர்ந்தெடுத்தேன் என்பதையும் ஹோல்மில் எதுவும் தேறவில்லை என்பதையும் அதே பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும். எல்லாப் புள்ளியியலாளர்களும் திருத்தம் வேண்டும் என்று சொல்வதில்லை. தொற்றுநோயியலில் பெரிய பெயரான கென்னத் ராத்மன் 1990-இல், பல ஒப்பீடுகளுக்குத் திருத்தமே தேவையில்லை என்று எழுதினார். அவருடைய கவலை நியாயமானது. இயற்கையில் எல்லாமே தற்செயல் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டு உண்மைத் தடயங்களைத் தூக்கிப் போடுகிறோம் என்பது. ஆனால் அந்தக் கட்சியில் சேர்ந்தாலும் 24-ஐயும் காட்டியே ஆக வேண்டும். திருத்தலாமா வேண்டாமா என்பதில் இரண்டு பக்கம் உண்டு. மறைக்கலாமா என்பதில் ஒரே பக்கம்தான்.

உங்கள் கைடு பற்றி. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. "சிக்னிஃபிகன்ட்" என்ற வார்த்தை இல்லாமல் தீசிஸ் தேறாது என்று பல வருடமாக நம்பி வந்தவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். முடிவைப் பார்த்துவிட்டு, அதைத்தான் ஆரம்பத்திலிருந்தே தேடினேன் என்று எழுதுவதற்கு 1998-இலேயே நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் "ஹார்க்கிங்" என்று பெயரே வைத்துவிட்டார். ஆனால் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் வாதாடாதீர்கள். புரோட்டோகாலைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், நாம் எழுதிக் கொடுத்த முதன்மைக் கேள்விக்கே விடை வந்திருக்கிறது, தலைப்பை மாற்ற வேண்டாமே" என்று போய் நில்லுங்கள். எக்ஸாமினர் முன்னால் நிற்கப்போவது நீங்கள். அவர் கையில் புரோட்டோகால் இருக்கும், உங்கள் கையில் வேறு தலைப்பு இருக்கக்கூடாது. கைடுக்கும் இது பாதுகாப்பு என்று அவருக்கே புரியும்.

தீசிஸில் எழுதும்போது எஃப்இவி-1-க்குத் தனி அட்டவணை கொடுங்கள். பி மதிப்பை மட்டும் எழுதாமல் 140 மில்லியையும் அதன் 95% நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லைகளை) முன்னால் வையுங்கள். நீங்கள் தந்த எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் அது சுமார் 20 முதல் 260 மில்லி வரை வருகிறது. 20 மில்லி என்றால் யாருக்கும் மூச்சில் தெரியாது, 260 என்றால் தெரியும். இரண்டுக்கும் நடுவில் எங்கே என்று உங்கள் 240 பேரால் சொல்ல முடியாது என்பதை விவாதப் பகுதியில் நேராகச் சொல்லுங்கள். அடுத்த அட்டவணையில் 23-ஐயும் புரோட்டோகால் வரிசையிலேயே போடுங்கள், பி மதிப்பின் வரிசையில் அல்ல. பழைய பி ஒரு பத்தி, எஃப்டிஆர் திருத்திய பி ஒரு பத்தி. பத்திரிகைக்கு அனுப்பும்போது அவர்கள் விதியைப் பாருங்கள். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2019-இலிருந்து, பல ஒப்பீட்டுக்கு முன்கூட்டித் திட்டம் இல்லாத இரண்டாம் நிலை விளைவுகளுக்குப் பி மதிப்பே போட வேண்டாம், வித்தியாசத்தையும் இடைவெளியையும் மட்டும் போடுங்கள் என்கிறது.

ஆண், பெண், வயது, பீடி பிடிப்பவர், பிடிக்காதவர் என்று பிரித்தும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கடிதத்தில் சொல்லவில்லை. பார்த்திருந்தால் அவையும் எண்ணிக்கையில் சேரும். எத்தனை பிரிவு பார்த்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். அடுத்த ஆய்வுக்கு, அன்சாரி நகரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2007 முதல் நடத்திவரும் சிடிஆர்ஐ என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். மருந்துச் சோதனைகள் மட்டுமல்ல, உங்களுடையது போன்ற ஆய்வுகளையும் அங்கே பதியலாம். அப்போது இந்தக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வராது.

ஒன்று மட்டும் இப்போதே பாருங்கள். நான் இதுவரை சொன்ன எந்தத் திருத்தமும், இரண்டு குழுக்கள் ஆரம்பத்திலேயே வேறுபட்டவை என்ற சிக்கலைத் தீர்க்காது. நடைபாதையில் இருப்பவர்கள் வயதில் மூத்தவர்களாகவோ, உயரம் குறைந்தவர்களாகவோ, அதிகம் பீடி பிடிப்பவர்களாகவோ, வீட்டில் விறகடுப்பு உள்ளவர்களாகவோ இருந்தால் அந்த 140 மில்லியில் ஒரு பங்கு அதனால் வந்திருக்கலாம், காற்றால் அல்ல. வயது, உயரம், பாலினம், புகை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துத்தான் எஃப்இவி-1-ஐ ஒப்பிடுவேன் என்று புரோட்டோகாலில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் உங்கள் முதன்மை முடிவு 0.021 இல்லை, அந்தக் கணக்கைப் போட்டால் வரும் எண். அது 0.021-ஐவிடச் சிறியதாகவும் வரலாம், 0.05-க்கு மேலேயும் வரலாம். கைடைப் பார்க்கப் போவதற்கு முன் அதை ஓட்டிப் பாருங்கள். எது வந்தாலும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.